பதினான்கு புள்ளி நான்கு

மார்ச் 4, திங்கள்

மாலையில் மூன்று மணி நேரம் மின்வெட்டு. அக்காவின் ஆக்சிஜன் இயந்திரம் சோலார் பேட்டரியில் ஐம்பது நிமிடம்தான் ஓடியது. பிறகு சிலிண்டரைத் திறந்தேன். வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான். ஜனவரியில் மூன்று மணி நேரமும் தாங்கிய அதே பேட்டரிகள்!

என் பக்கம் தவறே இல்லை. தினமும் மாடிக்குப் போகிறேன். சோலார் பெட்டியின் திரையில் வோல்டேஜ் 14.4 வந்ததும் சுவிட்சை அணைக்கிறேன். நிறைந்த குடத்தில் மேலும் எதற்கு ஊற்ற வேண்டும்? என் வீட்டுக்காரர் போன இந்தப் பதினோரு வருடத்தில் இந்த வீட்டில் எந்த வேலையும் அரைகுறையாகக் கிடந்ததில்லை.

மார்ச் 5

சோலாரும் பேட்டரியும் போட்டுக் கொடுத்த எலெக்ட்ரீஷியனம்மாவுக்குப் போன் செய்தேன். "பழைய பேட்டரிய என் தலையில கட்டிட்டியா?" என்று நேராகவே கேட்டேன். "வியாழக்கிழமை வந்து பாக்கறேம்மா" என்றாள். என்ன நிதானம்!

மார்ச் 6

அக்கா இன்றும் பாதித் தட்டோடு சரி. எடை முப்பத்தொன்பது கிலோ. சாப்பிட இருபது நிமிடம் கொடுக்கிறேன். படிக்கும்போது கான்வென்ட் விடுதியில் எங்களுக்குப் பதினைந்துதான். மணி அடித்தால் தட்டு போய்விடும்.

மார்ச் 7, வியாழன்

எலெக்ட்ரீஷியனம்மா வந்தாள். மாடியில் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கு 14.4. எழுந்தேன்.

"எங்கம்மா போறீங்க?"

"அணைக்கத்தான். நிறைஞ்சிடுச்சே."

"தினமும் இப்படியா?"

"ஒரு நாள் தவறினதில்ல" என்றேன், பெருமையாகவே.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேட்டரிக்கு இப்பதாம்மா முக்கா வயிறு ரொம்பியிருக்கு. மிச்சம் மெதுவாத்தான் ஏறும். தினமும் பாதியில எழுப்பிவிட்டா உள்ள தகட்டுல உப்பு படிஞ்சு இறுகிடும். அப்புறம் கேட்டாலும் வாங்காது."

முக்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலு மணி வரை எழவில்லை. காலையில் இருபத்திரண்டு ஆம்பியர், அள்ளி அள்ளிக் குடித்தது. இப்போது வோல்டேஜ் 14.4-இல் அசையாமல் நிற்க, ஆம்பியர் இறங்கியது. பதினேழு. பதினொன்று. ஆறு. உச்சி வெயில் கொட்டுகிறது, கையகலப் பெட்டி அதில் ஒரு மடக்கு மட்டும் எடுத்து ஊட்டுகிறது. யார் சொல்லிக் கொடுத்தது? மூன்றே முக்காலுக்கு வோல்டேஜ் தானே 13.6-க்கு இறங்கியது. இனி ஊட்டல் இல்லை. இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும். எழுபத்திரண்டு வயதில் ஒரு பெட்டி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். ஜெபத்தில்கூட இவ்வளவு நேரம் மனம் அலையாமல் இருந்திருக்கிறேனா?

"போன்ல பேசினது என் தப்பு." கிளம்பப் பையை எடுத்தவளிடம் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது.

"விடுங்கம்மா. திரும்பிக்கூடப் பாக்காம நாசம் பண்றவங்க நிறைய பேரு. பாத்துப் பாத்து நாசம் பண்ணது நீங்க ஒருத்தர்தான்."

தேறுமா என்று கேட்டேன். "பத்து நாள் கை வைக்காம விடுங்க. கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மார்ச் 8

தொடவில்லை. கை மட்டும் இரண்டு முறை சுவிட்சு வரை போனது.

மார்ச் 10, ஞாயிறு

மதியம் அக்காவுக்கு ஊட்டினேன். முதல் பத்து நிமிடம் வேகம். பிறகு ஒரு வாய், ஒரு மூச்சு, ஒரு வாய், மூன்று மூச்சு. இருபதாவது நிமிடம் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

"போதுமாக்கா?"

"போதாது. மெதுவாத்தான் இறங்குது. அதுக்குள்ள நீ எழுந்துடுவ."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"உன்கிட்ட யாருடி சொல்றது?"

பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. ஐயோ, பசியோட இருந்திருக்காளே — நான் பக்கத்துலயேதான இருந்தேன்? என்னத்த பாத்தேன்?

மார்ச் 19

மாலை மின்வெட்டு, இரண்டு மணி நாற்பது நிமிடம். இயந்திரம் நிற்கவில்லை. சிலிண்டரைத் தொடவில்லை.

அக்கா நாற்பது கிலோ எழுநூறு கிராம். இன்று மதியம் ஐம்பத்தைந்து நிமிடம் சாப்பிட்டாள். கடைசி மூன்று வாய்க்கு மட்டும் கால் மணி. கடிகாரத்தை அவளே பார்த்துச் சொன்னதால் தெரியும்.