உதவிக்கு அழைக்கவும்

எங்கள் வீட்டுத் துரைக்கு, அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் ஒற்றைக் காலில் நலம். நீ இரண்டு காலிலும் நலமாக இருப்பாய். போன் என்றால் கட் பண்ணிவிடுவாய், உறையை எப்படியும் பிரித்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியத்தான்.

இங்கே சலவைக் கடை நடக்கிறது. உன் அத்தான் இஸ்திரியும் போட்டு, வீடு வீடாகத் துணி கொடுக்கும் என் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். டாக்டர் சட்டையை வாத்தியார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வாத்தியார் திருப்பித் தரவில்லை. தனக்கு அது எடுப்பாக இருக்கிறதாம்.

நீ மோட்டார் செட் விற்க வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டி, நடுக் கம்பியில் பேட்டரிப் பெட்டியைக் கட்டிவிட்டால் மிதிக்கவே வேண்டாம் என்றாய். மெயின் ரோட்டில் இதே மாதிரி மோட்டார் விற்கும் கண்ணாடிக்காரம்மா கடையிலும் விசாரித்தேன். அவள் சொன்ன விலைக்கு உன்னிடம் இரண்டு செட் வாங்கலாம். ஏனம்மா இப்படி என்றேன். "பாதி மோட்டாருக்கு, பாதி நான் போன் எடுக்கிறதுக்கு" என்றாள். கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். போன் எடுக்கக் காசா, என் தம்பி சும்மாவே எடுப்பானே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கோபப்படவே இல்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

ரொட்டிக் கடைக்காரர் உன் சரக்கைத் தட்டிப் பார்த்து, கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்றார். நான் இருக்கிறேன் அண்ணா, அவன் எங்கே போய்விடுவான் என்றேன். தபால்காரர், தையல்காரம்மா எல்லோரும் உன் விலையைப் பார்த்தார்கள், என் முகத்தையும் பார்த்தார்கள், வாங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 'உதவிக்கு அழைக்கவும்' என்று உன் நம்பரை ஒட்டினாய்.

பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்கவேண்டும். என்னுடையது சில சமயம் நிற்காமல் இழுக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். ஒயர் லூசாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்காதது என் தப்பு.

ஆஸ்பத்திரிச் சரிவில் பின்னால் துணி மூட்டை, எதிரே லாரி. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், மோட்டார் என்னைப் பிடித்து இழுத்தது. லாரிக்கு விலகிச் சுவரில் மோதினேன். வெள்ளைச் சட்டையெல்லாம் சாக்கடையில், அதன் மேல் நான். கால் வேறு யாருடையதோ மாதிரி திரும்பிக் கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு நேரே பேட்டரிப் பெட்டி, அதில் உன் நம்பர். அடித்தேன். கட் பண்ணினாய். திரும்ப அடித்தேன். 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று எழுத்து வந்தது. நீ பிறந்ததிலிருந்து போன ஒரே மீட்டிங் பெண் பார்க்கப் போனதுதான்.

இப்போது என் காலுக்குள் தகடும் ஸ்குரூவும். நானும் உன் சரக்கு மாதிரிதான், ஆனால் என்னை மாட்டிய டாக்டர் போன் எடுக்கிறார். உன் நம்பர் மறுவாரமே செத்துப்போனது. நீ மாமனார் ஊருக்குப் போய்விட்டாய் என்று அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்காரம்மாவிடம் போனார். தன்னிடம் வாங்காத சரக்குக்கும் அவள் கதவைத் திறந்தாள். இன்னொருவர் விழக்கூடாது என்று எல்லோரையும் வரவழைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள். ரொட்டிக் கடைக்காரர் அந்தச் செத்த மோட்டாரையும் சுமந்து மிதிக்கிறார். முன்பெல்லாம் நம் வாசலில் நின்று வம்பளப்பார். இப்போது தலையைத் திருப்பாமல் போகிறார்.

போன வாரம் உன் கடைத் திறப்பு அழைப்பிதழ் வந்தது. உன் மனைவி அனுப்பியிருக்கிறாள், பாவம் நல்ல பெண், உன்னிடம் கேட்டிருக்கமாட்டாள். அடியில் தொடர்புக்கு என்று உன் மாமனார் நம்பர். முதல் போட்டவர் அவராமே. அதைப் பார்த்துப் படுக்கையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். வலி மாத்திரை தலைக்கு ஏறிவிட்டதோ என்று அத்தான் பயந்துபோனார்.

எந்தத் துணி யாருடையது என்று எழுதிக் கட்டுவோமே, அந்தச் சீட்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் உன் மாமனார் நம்பரை எழுதினேன். எல்லோருடைய பெட்டியிலும் உன் நம்பருக்கு மேலேயே அத்தான் ஒட்டிவிட்டார். கடை திறக்கிற காலையில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடப்போகிறார்கள். திட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஐயா, உங்கள் மாப்பிள்ளையிடம் வாங்கிய மோட்டார், ரிப்பேருக்கு எப்போது வருவார் என்று மட்டும் கேட்கவேண்டும். ஒருவர் வைத்ததும் அடுத்தவர். மாலையும் கழுத்துமாக நீ நிற்க, வந்தவர்கள் முன்னால் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். முதல் ஆள் தான்தான் என்று ரொட்டிக் கடைக்காரர் அடம்பிடித்தார். சீட்டு ஒட்டிய அன்று இதற்காகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

முதல் இடத்தை அவரிடம் கெஞ்சி நான் வாங்கிக்கொண்டேன். நீ என்ன செய்தாலும் சீட்டைக் கிழிக்கமாட்டேன், அந்த ஆசை வேண்டாம். மற்றவர்கள் கூப்பிடத்தான் போகிறார்கள். உன் மாமனாரிடம் நான் என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. அக்கா பேசுகிறேன், கடைக்கு வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிடலாம். சாக்கடையிலிருந்து கூப்பிட்டதையும் சொல்லலாம்.

உன் கடை செழிக்கட்டும். போன் ஓயாமல் அடிக்கட்டும். திறப்பு நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என் நம்பர் மாறவில்லை தம்பி. நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த
அக்கா