மாற்றிச் செருகிய பிளக்

3 அக்டோபர் 2005
எங்கள் ஐ.டி. ஹெட் சந்தானம் சார் இன்றைக்கும் அதையேதான் சொன்னார். "டிசம்பர் வரைக்கும் நெட்வொர்க்கால அசெம்ப்ளி லைன் நிக்காம பார்த்துக்கோ ஜம்பு, பெர்மனெண்ட் ஆக்கிடறேன்." புனே பக்கத்தில் இந்தச் சாகண் ஃபாக்டரியில் கான்ட்ராக்டிலேயே மூன்றாவது வருஷம். சர்வர் ரூமில் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சேர்த்து ஸ்டாக் பண்ணியாச்சு. மேலே இருப்பது போனால் கீழே இருப்பது ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி யூ.பி.எஸ். இனி எப்படி நிற்கும்?

11 அக்டோபர்
கண்டே நவமி, இந்த ஊர் ஆயுத பூஜை. ஃபாக்டரியில் மெஷினுக்கெல்லாம் பூஜை. எனக்கு ஜுரம், போகவில்லை.

18 அக்டோபர்
கரண்ட் போச்சு. ஒரு யூ.பி.எஸ். பாட்டரி கையை விரித்துவிட்டது. ஒரு ஸ்விட்ச்தானே போகணும்? இரண்டும் போச்சு. லைன் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் — இரண்டு பிளக்கும் அந்த ஒரே யூ.பி.எஸ்ஸில். எவன் பண்ணினது? ஒன்றைப் பிடுங்கி அதன் பழைய இடத்தில் செருகி லைனை ஓடவைத்தேன்.

எலக்ட்ரீஷியன் கலியன் மெதுவாகச் சொன்னார்: "பூஜையன்னைக்கு சீரியல் லைட்டுக்கு இடம் வேணும்னு சந்தானம் சாரேதான் மாத்துனாரு தம்பி."

19 அக்டோபர்
மீட்டிங்கில் சொன்னேன். சந்தானம் மேனேஜர்களை சர்வர் ரூமுக்குக் கூட்டிப்போனார். தனித்தனி யூ.பி.எஸ்ஸில்தானே இருக்கு, அப்போ இவன் செட்டிங்கில்தான் கோளாறு என்றார், எல்லாம் இந்தியில். இருக்காதா பின்னே? நேற்று நான்தானே மாத்தி வச்சேன். கலியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் சந்தானம் என்னிடம் மட்டும் தமிழில்: "மனசுல வச்சுக்காதேப்பா."

20 அக்டோபர்
ஆத்துக்காரி பட்டு கேட்கிறாள், "நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு அப்புறமா மாத்தியிருக்கப்படாதோ?" லைன் நின்னுண்டிருக்கு, நான் சாட்சி தேடிண்டு போகணுமா? கத்திட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

31 டிசம்பர்
கான்ட்ராக்டை நீட்டவில்லை.

14 மார்ச் 2006
பாணேரில் ஒரு ஆபீஸில் பிரிண்டர் பார்க்கிற வேலை. சம்பளம் குறைச்சல்.

சாயங்காலம் கலியன் போன். மேல் ஸ்விட்ச் காலையில் புகைந்து போச்சாம். கீழே இருந்தது ஏற்றுக்கொண்டதாம். நான் போட்ட செட்டிங்கை யாரும் தொடவில்லையாம்.

"மதியம் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலே தம்பி, லைன் பாட்டுக்கு ஓடுச்சு. மீட்டிங்ல சந்தானம் சாருக்குக் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன்."