ஒன்பது நாள் நின்ற தட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்மா" என்பாய், அதை நம்புகிற நிலையில் நான் இல்லை. போனில் பேசாமல் எழுதுவதும் அதனால்தான், போனில் நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடுவாய். அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கழற்றிப் போட்டு ஒரு வாரமாகிறது, வாளியில் பிடித்துக் குளிக்கிறோம், ஆளைக் கூப்பிடலாம் என்றால் முறைக்கிறார்.

எங்கள் தொழிற்சாலைக் கதையை நீ என்றைக்கும் காது கொடுத்துக் கேட்டதில்லை, இன்றைக்குக் கேள். நாங்கள் கம்ப்யூட்டரைச் செய்து அடுக்கி வைத்துவிட்டு ஆள் தேடுவதில்லை. ஒருவர் எனக்கு இன்ன திரை, இன்ன கீபோர்டு என்று ஆர்டர் கொடுத்த பிறகுதான் அவர் பெயரில் ஒரு தட்டு புறப்படும், மேலே ஆர்டர் சீட்டு ஒட்டியிருக்கும், ஸ்டோரிலிருந்து பாகங்கள் அதில் வந்து சேரும், காலையில் புறப்பட்டது சாயங்காலம் பெட்டியாகி லாரி ஏறிவிடும். பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் ஒட்டினாலும் உள்ளே பூட்டுவது நாங்கள்தான். இது உனக்குத் தெரிந்திருந்தால் வேறெங்காவது வாங்கியிருப்பாய். கடைசிப் பரிசோதனை மேசை என்னுடையது, சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு தட்டு மட்டும் ஒன்பது நாளாக நகரவில்லை. ஒரு நாள் நின்றாலே மேலாளர் குதிப்பார், அதனால் ஸ்டோர்க்காரரிடம் கேட்டேன். பெரிய எழுத்துக் கீபோர்டாம், பார்வை மங்கியவர்களுக்கானதாம், யாரும் கையிருப்பு வைப்பதில்லை, சொல்லித்தான் வரவழைக்க வேண்டுமாம். சாதாரணக் கீபோர்டு போதுமென்றால் இன்றே அனுப்புகிறோம் என்று இவர் போனில் சொல்லிப் பார்த்திருக்கிறார். "'வேணாம் சார், எத்தனை நாளானாலும் காத்திருக்கேன்'னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு" என்றார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று சீட்டைப் பார்த்தேன். உன் பெயர், உன் விலாசம்.

பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலே நடக்கத் தொடங்குகிறவள் நீ, ஒன்பது நாள் காத்திருக்கிறாய். வீட்டுக்காரம்மாவுக்கு வாங்கினேன் என்பாய், அவர் கண்ணாடிகூடப் போடாமல் வங்கியில் வேலை பார்க்கிறார் என்று நீயேதான் சொன்னாய். வரைபடம் போடுகிற வேலையை விட்டு போன் எடுக்கிற வேலைக்கு மாறியபோது அதுதான் பிடித்திருக்கிறது என்றாய், அன்றைக்கே எனக்கு உறுத்தியது. உன் கடைசிக் கடிதத்தில் வரிகளெல்லாம் கீழே சரிந்திருந்தன, நான் பேனாவைத் திட்டினேன். ஐந்து மாதமாக அந்தக் கடிதமும் இல்லை. எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. முகம் தெரியாத ஸ்டோர்க்காரரிடம் பெரிய எழுத்துத்தான் வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, பெற்றவளிடம் வரவில்லை.

நேற்று கீபோர்டு வந்தது. ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும், நான் மூன்று முறை எல்லா விசையையும் அழுத்திப் பார்த்துத்தான் பெட்டியை மூடினேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அதை நீயே சொல்ல வேண்டும். இருபதாம் தேதியிலிருந்து லீவு போட்டிருக்கிறேன், வருகிறேன், வேண்டாமென்று சொல்லிப் பயனில்லை. டாக்டர் கொடுத்த காகிதங்களையெல்லாம் எடுத்து வை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலில் நடுவே ஒரு வரியைப் பொடி எழுத்தில் எழுதினேன், அதற்கு உன்னிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்க. பரிசோதனை மேசைப் புத்தி. பிறகு நீ அந்த வரியில் தடுமாறி நிற்பதை நினைத்தேன், மனசு கேட்கவில்லை, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் தைரியத்தோடும் இருக்க வேண்டும். இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்கும் என் ஆசீர்வாதம். நீயே படிப்பாய் என்ற ஆசையில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், இரண்டு தாளில் முடிய வேண்டியது பதினோரு தாளாகிவிட்டது, வரிசை மாறாமல் எண் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா