ஆறாவது விரலுக்கு ஒரு பூட்ஸ்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வேலையும் பிள்ளையும் போக எனக்கு மிஞ்சுவது இந்த நேரம்தான். மேலே ‘அப்பா’ என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். உங்கள் பெயரை எழுதவும் கை வரவில்லை. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் போய்ப் பத்தொன்பது வருடமாக அது காலியாகத்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

கூலாயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் முடி காயவைக்கும் டிரையரால் அதைச் சூடாக்கினேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் சூடான ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. அந்த வாடையோடு நீங்களும் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். லாபிஸ் தோட்டத்து வீட்டுப் பின்வாசலில் வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கும் உங்கள் கறுப்பு ரப்பர் பூட்ஸ் இதே வாடைதான் அடிக்கும். அம்மா செத்தபோது சொல்லி அனுப்பியும் வராதவர், இன்றைக்குக் கூப்பிடாமலே வந்திருக்கிறீர்கள். வந்ததுதான் வந்தீர்கள், சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இது பனியில் ஸ்னோபோர்டு பலகைமேல் நின்று சறுக்குவதற்கான பூட்ஸ். பனியே விழாத ஜொகூரில் எதற்கு என்பீர்கள். என் கணவர் ஜப்பானில், ஹொக்கைடோவில், மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலையில் இருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு நானும் மகளும் அங்கே போவோம். ஆம், உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். தாரணி. ஏழு வயது. முகம் என் முகம். இடது கால் உங்களுடையது. முன்பாதம் விசிறி மாதிரி விரிந்து, குதிகால் ஒடுங்கி, சுண்டுவிரலுக்கு வெளியே இன்னொரு குட்டி விரல். பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன விடுமுறையில் அங்கே வாடகைக்குக் கொடுத்த பூட்ஸ் ஒன்றுகூட அவளுக்குச் சேரவில்லை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். மிச்ச நாளெல்லாம் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டி மற்றப் பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்தபிறகு தலையணைமேல் ஏறி நின்று கையை விரித்துச் சாய்ந்து சாய்ந்து பழகினாள். இந்த வருடம் எப்படியும் பூட்ஸ் வாங்கிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அளவெடுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டம் வாங்கியவள், செனாயில் தொழிற்சாலைக்கு மில்லிமீட்டர் பார்த்துச் சாமான் வாங்குகிறவள், விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். அவள் குதிகாலில் வைத்து, பெருவிரல் நுனியில் ஒடித்தேன். ஒடித்த பிறகுதான் அது என் கை இல்லை, உங்கள் கை என்று தெரிந்தது.

நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பள்ளி திறக்கப்போகிறது என்றால் அப்பாமார் சட்டைப்பையில் பிள்ளைகளின் ஈர்க்குகளோடு டவுனுக்குப் பஸ் ஏறுவார்கள். கடைக்காரர் ஈர்க்கை வெள்ளைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்ப்பார், சேர்ந்தால் கட்டிக் கொடுத்துவிடுவார். பிள்ளையைக் கூட்டிப்போவதில்லை. ஈர்க்கு நீளத்தைச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது. எனக்கும் இருந்த அந்தக் குட்டி விரல் தோல் உரிந்து, வெள்ளைச் சப்பாத்தின் ஓரத்தில் சிவப்பாக ஊறும். அம்மா அதன்மேல் வெள்ளை பூசி மறைப்பார். மறுநாள் மறுபடி ஊறும்.

இணையத்தில் வாங்கிய முதல் ஜோடி நீளத்துக்குச் சரி. அகலத்துக்குக் கால் நுழையவே இல்லை. இரண்டு அளவு பெரிதாக இன்னொரு ஜோடி வாங்கினேன். கால் போனது. ஆனால் குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டு ஆடியது. வரவேற்பறையிலேயே முகம் குப்புற விழுந்தாள். அப்போது என் மாமியார் ஆரம்பித்தார்.

“இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? டாக்டர்கிட்ட போயி அந்தக் குட்டி வெரல நறுக்கிட்டா முடிஞ்சிச்சி. ஒனக்கும் நறுக்குனதுதானே? நீ நடக்கலையா, வேலைக்குப் போகலையா?”

“இன்னும் வலிக்குது அத்தே.”

“வலி இல்லாத காலு யாருக்கிட்ட இருக்கு? என் முட்டியப் பாரு. ஒங்கப்பன் என்னா பைத்தியமா, காரணம் இல்லாம வெட்டுறதுக்கு?”

தாரணி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “வெட்டிட்டா பூட்ஸ் போடலாமாம்மா?” என்றாள். “அப்ப வெட்டிரலாம்.”

செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று ஊரில் கேட்பார்கள். ஊருக்கு அது பேச்சு. உங்களுக்கு அது ஒருநாள் வேலை.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே சிறிய எலும்பு இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை, வலியில்லாமல் நடக்க முடிந்தால் விட்டுவிடலாம், எடுப்பதென்றாலும் எடுக்கலாம் என்றார். பிறகு என் காலைக் காட்டச் சொன்னார். தழும்பை அழுத்தினார்; நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஏன் எடுத்தார்கள் என்று கேட்டார். எலும்பு இருந்ததா? வளர வளர ஏதும் கெட்டுப்போனதா? சும்மா சப்பாத்துக்காகவா? எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் மகளுக்கும் அது ஆகலாம் என்றார். முப்பத்தொரு வயதில், என் காலுக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. சீட்டுமில்லை, தாளுமில்லை. அம்மா கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

அன்று மாமியார் சொன்னதும், மகள் விழுந்ததும், அந்த இரண்டாவது ஜோடியும் எல்லாம் சேர்ந்து என் மண்டையில் ஏறியிருந்தன. எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். எனக்கும் அப்போது ஏழு வயது. காலையில் நீங்கள் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “இன்னிக்கு ஈர்க்கு வேணாம். நீயே வா. சப்பாத்து வாங்கப் போலாம்.” எவ்வளவு பெருமை எனக்கு! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னேன். தீபாவளிக்குத் தைத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டேன். சிகாமட் வரைக்கும் உங்கள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன். மோட்டாரை நிறுத்திய இடத்தில் மருந்து வாடை அடித்தது. “இங்கயாப்பா சப்பாத்து விக்கிறாங்க?” என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். இன்றுவரை எனக்கு அந்தச் சுவரின் நிறம் தெரியும், பச்சை. திரும்பும்போது கட்டுப்போட்ட காலோடு, சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தீர்கள். சப்பாத்து ஒரு மாதம் கழித்து வந்தது. மறுபடியும் ஈர்க்கில் அளந்து.

இதில் என்னால் விழுங்க முடியாதது ஒன்று உண்டு. உங்களுக்கும் அதே கால். செம்பனைக் காட்டு வேலைக்குக் கொடுத்த ரப்பர் பூட்ஸ் உங்களுக்கும் சேரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? பின்வாசலில் குந்தி, கத்தியைத் தீட்டி, இடது பூட்ஸின் ஓரத்தில் ஒரு பட்டாணி நெற்று நீளத்துக்கு அறுத்தீர்கள். விரல் அதன் வழியாக எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் உள்ளே சேறு போகும் என்று அம்மா திட்டினார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “சேறு வந்தா கழுவிக்கலாம், வலி வந்தா கழுவ முடியுமா?” என்றீர்கள்.

எவ்வளவு அருமையான கேள்வி. உங்கள் காலுக்கு மட்டும்.

உங்கள் காலுக்குப் பூட்ஸை அறுத்தவர், என் காலுக்கு ஏன் அந்தக் கத்தியை எடுக்கவில்லை? ஓட்டை போட்ட சப்பாத்தைப் பள்ளியில் விடமாட்டார்கள் என்றா? பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு மெட்டி போடும்போது மாப்பிள்ளை வீட்டார் விரலை எண்ணுவார்கள் என்றா? அல்லது நிஜமாகவே டாக்டர் ஏதோ சொன்னாரா? எனக்குப் பன்னிரண்டு வயதில் சிங்கப்பூரில் வேலை என்று பாலத்தைத் தாண்டிப் போனீர்கள். அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருப்பதைச் சித்தப்பா சொல்லித்தான் அறிந்தோம். அதற்கும் காரணம் சொன்னதில்லை. காரணம் சொல்லாமல் வெட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை.

போன வாரம் குறித்த நாள் வந்தது. காரில் தாரணி பெல்ட் போட்டுக்கொண்டே கேட்டாள்: “எங்கம்மா போறோம்?”

“சப்பாத்து வாங்கப் போலாம்.”

நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தயாராக இருந்தது. அவள் கைதட்டினாள். நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போனேன். எங்கே போவதென்று தெரியாது. பிள்ளையிடம் சப்பாத்து என்று சொல்லிவிட்டேன், அது பொய்யாகக்கூடாது. அவ்வளவுதான் தெரியும்.

ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய சாமான்களை விற்கும் பண்டல் கடை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நிறுத்தி என் கணவரைக் கூப்பிட்டேன்.

“நீ ஆஸ்பத்திரில இல்லையா இப்ப?”

“இல்ல. பண்டல் கடையில.”

“என்னா?”

“ஒங்க ஹோட்டல்ல பூட்ஸ் வாடகைக்குக் குடுப்பாரே, அவருகிட்ட கேளுங்க. காலு அகலமா இருந்தா என்னா செய்யணும்? வெட்டாம.”

பிறகு அந்த ஜப்பான்காரரையே வீடியோவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கேட்ட முதல் கேள்வி, அகலம் எவ்வளவு? என் பிறப்பிலிருந்து இதுவரை எங்கள் கால்களைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி. கடையில் இருந்த மலாய் அக்கா ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டார். தாரணியை முழு எடையோடு நிற்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டோம். “அலமாக், ஆறா! லக்கி லா இந்தப் பிள்ளை,” என்று அந்த அக்கா விரலைத் தொட்டார். ஒன்பது சென்டிமீட்டர் அகலம்.

பெரிய அளவு வாங்காதே என்றார் ஜப்பான்காரர். நீளத்துக்குச் சரியான அளவில் அகலமானதை வாங்கு, குதிகால் அசையக்கூடாது, மிச்ச இடத்தை உள்ளே தனியாகக் கழற்றும் உள்பூட்ஸில் உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் குவியலைக் கிளறி ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தோம். அதை எந்த ஜப்பான் பிள்ளை போட்டதோ, ஏற்கெனவே நன்றாக இளகியிருந்தது.

இன்றைக்கு அவர் சொன்னபடி செய்தேன். குட்டி விரலின்மேல் ஸ்பஞ்சுத் துண்டு ஒன்றைப் பிளாஸ்டரால் ஒட்டினேன். மெல்லிய காலுறை. பஞ்சுபோன்ற உள்பூட்ஸைத் தனியே எடுத்து டிரையரால் கதகதவென்று சூடாக்கி, கால் பொறுக்கும் சூட்டுக்கு விட்டு, வெளிப்பூட்ஸில் வைத்து, காலை நுழைத்து, வாரை இறுக்கிப் பத்து நிமிடம் நிற்கவைத்தேன். ஆறியதும் ஸ்பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். உள்ளே அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது, விரல் படுத்துக்கொள்ள.

“ஆறும் ஆடுதும்மா!” என்று சோபாவிலிருந்து குதித்தாள். குதிகால் அசையவில்லை. மறுபடி ஏறிக் குதித்தாள்.

மாமியார் வாசலில் நின்று பார்த்தார். “காலு வருசா வருசம் வளருமே. வருசா வருசம் கடை கடையா ஏறுவியா?”

“ஏறுவேன் அத்தே.”

“ஏறு, ஏறு. உள்ள ஏதும் கெட்டுப்போனா அப்பத் தெரியும்.”

அந்த ஒரு சொல்தான் என்னை இந்த நேரத்தில் உட்காரவைத்திருக்கிறது. பூட்ஸ் சேர்ந்துவிட்டது. ஆனால் உங்கள் ‘காரணம்’ என்று ஒன்று இருந்தால்? அதை அறியாமல் நான் விட்டுவிட்டு, நாளை அவள் கால் கெட்டுப்போனால்? ஆஸ்பத்திரியில் வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் வியாழக்கிழமை. சப்பாத்துக்காகத்தான் எனக்கு வெட்டினீர்கள் என்றால் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு யாரும் அவள் விரலைப் பற்றிப் பேச விடமாட்டேன்.

உங்களை மன்னிக்க இதை எழுதவில்லை. வயதாகிவிட்டது, பார்க்க ஆசை என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், கிழித்துப்போடுவேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, மழை வந்தால் குத்தும் தழும்பு. இன்னொன்று, பின்வாசலில் நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்ட அந்தக் கேள்வி. அதை இன்றைக்குத் தாரணியிடம் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

சித்தப்பாவிடம் உங்கள் முகவரி இருக்கிறது. இதை அவர் கையில் கொடுத்து அனுப்பச் சொல்வேன். எலும்பு இருந்ததா? டாக்டர் வெட்டச் சொன்னாரா, நீங்கள் கேட்டீர்களா? ஏன்? மூன்று வரி போதும். வியாழக்கிழமைக்குள் வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.