வழுக்கி விழுந்ததாக எழுதினார்கள்

மதினி,

இன்று காலை உங்கள் மகள் என் வீட்டு அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கூடைக்காரி வாசலில் தந்துவிட்டுப் போன ஆற்றுக் கெண்டை. வயிற்றைக் கீறியவள் கையை நிறுத்திவிட்டு, "அத்தே, இங்கன பாருங்க. வெளிய ஒரு காயமில்ல, உள்ள முள்ளெல்லாம் ஒடிஞ்சு கெடக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். நடுமுள் இரண்டு இடத்தில் முறிந்து, ரத்தம் கட்டி, சதை கூழாகியிருந்தது. பாறை பிளக்கிற தோட்டாவைத் தண்ணீரில் வெடித்துப் பிடித்த மீன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அடங்கவில்லையா இவர்களுக்கு? ஆற்றில் இனி என்ன மிச்சம் இருக்கிறது? விலாங்கைக் கண்ணால் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆரல் எப்போதாவது ஒன்றிரண்டு அகப்படுகிறது. அயிரையை அள்ளிய மணல்திட்டில் இப்போது தவளைகூட இல்லை.

நீங்கள் இருந்தபோது சித்திரை பிறந்தால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் மதகை அடைத்துவிடுவார்கள், ஆறு ஒடுங்கிவிடும். பாறைகளுக்கு நடுவே ஆழமான கசங்களில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நீங்கள் இறங்குவீர்கள். அடியில்லாத அந்தக் கூடையைச் சேற்றில் அமுக்கி, மேல்வாயில் கைவிட்டுத் துழாவும்போதே உள்ளே இருப்பது கெளுத்தியா குறவையா என்று சொல்லிவிடுவீர்கள். சினை மீன் அகப்பட்டால் திரும்ப விட்டுவிடுவீர்கள். "போகட்டும்த்தா, அதுவும் புள்ளத்தாச்சிதான்" என்பீர்கள்.

மலைப்பாதை வேலைக்கு அந்தக் கண்டிராக்டர் வந்தான். பாறை பிளக்கக் கொடுத்த தோட்டாவை அவனுடைய மேஸ்திரி கசத்தில் வீசினான். ஒரே வெடியில் தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு மல்லாந்தது. பெரிய மீன்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். விரல் நீளக் குஞ்சுகள் மிதந்து நாறின. ஒரு வாரத்துக்கு மாடுகூட அங்கே வாய் வைக்கவில்லை. ஊரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பாதி வீட்டு ஆண்கள் அந்தப் பாதை வேலையில் இருந்தார்கள். என் அண்ணன், உங்கள் புருஷன், அவனுக்குத்தான் கல் வண்டி ஓட்டினான்.

மறுபடி அவர்கள் வந்தபோது நாம் இரண்டு பேரும் ஆற்றில் இருந்தோம். நான் கரையேறிவிட்டேன். நீங்கள் ஏறவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டீர்கள்.

"ஏலே, நான் நிக்கேன்ல? எப்படிப் போடுவ, போடு பாப்போம்!"

மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசினான். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீயும் எறங்குத்தா" என்று கூப்பிட்டீர்கள். நான் இறங்கவில்லை. ஆம்பிளைகள் பார்க்க ஈரச்சேலையோடு நிற்பதா என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். வீட்டில் அண்ணன், "எம் பொழப்புல மண்ணைப் போடவா நிக்க?" என்று கத்தினான். நீங்கள் அவனுக்குச் சோறு போட்டீர்கள்.

எட்டு நாள் கழித்து, பங்களாவில் தங்க யாரோ துரை வருகிறார் என்று மீன் கேட்டிருந்தான் கண்டிராக்டர். நீங்கள் அன்றும் தண்ணீரில் நின்றீர்கள், ஐந்து மாத வயிற்றோடு. நான் அன்றும் கரையில்தான் இருந்தேன். மேஸ்திரி இந்தத் தடவை பேசவே இல்லை. கசத்தின் மேல்கோடிக்கு நடந்துபோய், பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் தோட்டாவை வீசிவிட்டான்.

நீங்களாகவேதான் கரையேறி வந்தீர்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "வயித்துல அறைஞ்ச மாதிரி இருக்குத்தா. வேற ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தீர்கள். மீன் கூடைகளை ஏற்ற வந்தது அண்ணனுடைய வண்டி. அவன் உங்களைப் பார்த்தான். "என்ன செய்யுது?" என்றான். "ஒண்ணுமில்ல, நீக போங்க" என்றீர்கள். மீன் கெட்டுவிடும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினான். அண்ணன் மாட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டான்.

வண்டி திரும்புவதற்குள் உங்கள் சேலை முழுக்க ரத்தம். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உங்கள் தலை என் மடியில் இருந்தது. அண்ணன் அழுதுகொண்டே மாடுகளை அடித்தான். "உங்கண்ணன வையாத, என்ன?" என்றீர்கள். கடைசியாக என்னிடம் கேட்டதும் அதுதான். அவனுக்காகத்தான் கேட்டீர்கள். அதற்காக உங்கள் மேலேயும் எனக்குக் கோபம், மதினி. மறுநாள் மதியம் போய்விட்டீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோதே கிராம முன்சீப் காகிதத்தோடு வந்தார். கூடக் கண்டிராக்டரின் ஆள் ஒருவன் நின்றான். "பாறையில வழுக்கி விழுந்துட்டாகன்னு எழுதிக்கிருவோம். கோர்ட்டு கச்சேரின்னு அலைஞ்சு என்ன ஆகப்போகுது? போனவுக போயிட்டாக" என்றார். அண்ணன் தலையைத் தூக்காமல் கட்டைவிரலை நீட்டினான். முன்சீப் என் பக்கம் திரும்பினார். "அஞ்சாப்பு படிச்ச புள்ள. கூட இருந்த ஆளு. நீயும் ஒரு கையெழுத்துப் போடுத்தா."

போட்டேன்.

உங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அம்மா ஆற்றில் வழுக்கி விழுந்து செத்தாள் என்றே வளர்ந்தாள். இன்று அந்த மீனைத் தூர எறியச் சொல்லிவிட்டு, உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீக அப்ப எங்க நின்னீக?"

"கரையில."

கையெழுத்தையும் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல், நேராக அவள் அப்பன் வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து என் வாசலில் நின்றான். கிழவனாகிவிட்டான். "சொல்லிட்டியாக்கும்" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு, "அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவன்கிட்டப் பெருவிரல வாங்கிட்டாக" என்றான். முன்சீப் வாயால் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. ஆனால் நீங்கள் கேட்டபடி அவனை வையவும் இல்லை. வைய எனக்கு வாய் ஏது?

"மேற்படி ஸ்திரீ மீன் பிடிக்கையில் பாறையில் கால் வழுக்கித் தானாகவே விழுந்தபடியால்." இப்போதும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். அடுப்பு ஊதும்போது, தண்ணீர் சேந்தும்போது, வாய் தானாகச் சொல்லிவிடும். அண்ணனுக்கு அது வெறும் காகிதம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் அதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, மதினி.