எஸ்தர் அக்காவின் அடுப்படியிலிருந்து

பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

பிரியமான என்று எழுதிவிட்டேனே தவிர, எழுதும்போதே வயிறு எரிகிறது. கிறிஸ்மஸ் மாதத்தில் பொய்யோடு ஒரு கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுகிற பொம்பளை இந்த ஏரிக்கரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் சபையில் புது வருஷத்துக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். இந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று பாஸ்டரம்மா என்னிடம் கேட்டார்கள். யாருக்கு எழுதுவது? கர்த்தருக்கே எழுதலாம்தான். ஆனால் அவருக்கும் எனக்கும் இப்போதுதான் பேச்சுவார்த்தை ஆரம்பித்திருக்கிறது. உன்னோடு பழக்கம் பழையது. அதனால் உனக்கே எழுதுகிறேன், ஊர் படித்தால் படிக்கட்டும்.

என்னை மறந்திருக்க மாட்டாய். லைட்ஹவுஸ் குப்பத்துக் கன்னியம்மா. உன் வாசலில் கூடையை இறக்கி மடவையும் இறாலும் விற்றவள். இப்போது அதே வாசலில் நான் கோலம் போடுகிறேன். உன் வீட்டுக்காரர், சரி, என் வீட்டுக்காரர், இன்னும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத்தான் லாரி ஓட்டுகிறார். மீன்பாட்டைக் கெடுத்துவிட்டது என்று என் குப்பத்து ஆட்களுக்கு அந்தத் துறைமுகத்தின் பேரைக் கேட்டாலே ஆகாது. நான் அந்தச் சம்பளத்தில் சோறு பொங்குகிறேன். என்னைப் பெற்ற நைனா இருந்திருந்தால் என்னை வீட்டுப் படி ஏற விட்டிருக்க மாட்டார்.

உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பாய். ஒன்றா இரண்டா?

சபையில் பெண்கள் பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே நீ உட்காருவாயே, நீ போன பிறகு அந்தப் பாயில் யாரும் உட்காருவதில்லை. ஒரு நாள் நான் போய் உட்கார்ந்தேன்.  பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டு இழுத்தால், எஸ்தர் இருந்தால் இப்படியா இழுக்கும் என்பார்கள். பாயசம் திகட்டினாலும் உன் பேச்சுதான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நீ எஸ்தருக்குத் தங்கச்சி மாதிரி என்பார்கள். நான் யாருக்கும் தங்கச்சி இல்லை, நான் எங்க வீட்டில் மூத்தவள் என்று வாய் வரைக்கும் வரும். முழுங்கிக்கொள்வேன்.

அதைவிட ஜெபா. உன் மகள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். சொன்ன வேலையைச் செய்வாள், கேட்டால் பதில் சொல்வாள், என் எதிரில் கால் நீட்டி உட்கார மாட்டாள். விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை அக்கா அது. ஒரு நாள் கதவை அறைந்து சாத்தி என்னைத் திட்டமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

டிசம்பர் பிறந்ததும் நான் பொன்னேரிக்குப் போய், கலர் கலராக மின்னுகிற ஒரு பிளாஸ்டிக் ஸ்டார் வாங்கி வந்தேன். அவள் நல்லாயிருக்கு சித்தி என்றாள். சொல்லிவிட்டு, பரண் மேலிருந்து நீ மூங்கில் பிளாச்சில் கட்டிய பழைய காகித ஸ்டாரை இறக்கித் துடைத்து, வாசலில் மாட்டினாள். வாடைக்காற்றில் அதன் ஒரு முனை கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என் ஸ்டார் சமையலறை ஜன்னலில் தொங்கியது, கத்திரிக்காய் நறுக்குகிற எனக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குத் தாங்காதது உன் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஊசி போட்ட நர்சம்மாவுக்காக ஸ்தோத்திரம், ஓடாத ஃபேன் ஓடியதற்கு ஸ்தோத்திரம், இரண்டு வாய் கஞ்சி இறங்கியதற்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாயாம். அவர் சொல்லும்போது கண் கலங்குவார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். உனக்கு எங்கிருந்துதான் வந்தது அவ்வளவு நன்றி? கடனாகவாவது கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

எங்கள் பிறப்பு வளர்ப்பு அப்படி இல்லை. குப்பத்தில் நல்லதை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். படகு தள்ளாடுகிற அளவுக்கு மீன் வந்தாலும், பாடு எப்படி என்று கேட்டால், ஏதோ கறிக்கு ஆச்சு என்போம். வீட்டுக் குழம்புக்குத் தேறியது, அவ்வளவுதான் என்று அர்த்தம். நிறைய கிடைத்தது என்று சொன்னால் கண் பட்டுவிடும், அடுத்த நாள் வலை காலியாக வரும். உன் வாசலிலும் அதையேதான் சொல்வேன். ஒரு நாள் நீ கூடையின் மேல் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இவ்ளோ இறாலை வச்சிக்கினு கறிக்கு ஆச்சுன்றியே கன்னிம்மா, கர்த்தரு பாத்துக்கினு இல்ல?"

"அவரு பாக்கட்டும். பக்கத்து வூட்டுக்காரி பாக்கக் கூடாது" என்றேன். உன் பின்னால் பள்ளிக்கூடச் சீருடையோடு ஜெபா நின்றிருந்தாள். நீ வாங்கிய இறாலைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாய். இறாலுக்கெல்லாம் ஒரு கும்பிடா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அன்றைக்கே பொறாமை ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற அட்வென்ட் நாட்கள் ஆரம்பித்த வாரம் அனுப்பம்பட்டிலிருந்து உன் அக்கா மார்த்தா போன் செய்தார்கள். கிறிஸ்மஸ் முடிந்ததும் ஜெபாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் அங்கேயே படிக்க வைக்கிறார்களாம். ரயில் ஸ்டேஷன் பக்கம், பள்ளிக்கூடம் நல்லது, சொந்த ரத்தம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பிள்ளை இஷ்டம் என்று இவர் சொல்லிவிட்டார். ஜெபா போனை வாங்கி, கிறிஸ்மஸ் முடியட்டும் பெரிம்மா என்று மட்டும் சொன்னாள். நான் அவளைப் பெற்றவளா, போகாதே என்று சொல்ல? ஊரெல்லாம் கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று காத்திருந்தது. வராமலே இருக்கட்டும் என்று நான் ஒருத்தி இருந்தேன்.

வரத்தான் செய்தது. கீதம் பாடுகிறவர்கள் மேளத்தோடு நம் வாசலுக்கு வந்தார்கள். ஜெபா முன்னால் நின்று பாடினாள், உன் குரல் அப்படியே. கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் சுண்டல் பாத்திரத்தோடு கதவோரம் நின்று, இந்தத் தொண்டையைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே என்று உன்னை வைதேன். வைதுகொண்டே அந்தப் பாட்டையும் கேட்டேன். பாலகனைப் பெற்றவள் மாட்டுக் கொட்டிலில் என்ன செய்வாள், சூடு தண்ணி வைக்கக்கூட ஆளில்லையே என்று நினைத்ததும், முதல் தடவையாக அந்தக் கதை எனக்கு அடுத்த வீட்டுக் கதைபோல ஆயிற்று.

கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் நன்றி ஆராதனை. ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். பிள்ளை பாஸ் ஆனது, முட்டிவலி போனது, படகு கரை சேர்ந்தது. எல்லாரும் உன் மாதிரியே கணீரென்று சொன்னார்கள். திடீரென்று பாஸ்டர், சகோதரி கன்னியம்மா, இந்த வருஷம் கர்த்தர் உங்களுக்கு எப்படி நன்மை செய்தார் என்று கேட்டுவிட்டார். எழுந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது அக்கா. வயசு போன பிறகு ஒரு வீடு கிடைத்தது. முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற புருஷன் கிடைத்தார். ராத்திரி பாடம் படிக்கிற ஒரு பெண் பிள்ளையின் முணுமுணுப்பு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது.  வெளியே சொன்னால் போய்விடும், ஏற்கெனவே ஒன்று போகப் போகிறது. அந்தப் பயத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் பேசியது.

"ஏதோ... கறிக்கு ஆச்சு, பாஸ்டர்."

 பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, அப்புறம் எல்லாரும். பாஸ்டர் சமாளித்து ஆமென் சொன்னார். ஜெபா தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும்போதும் அப்பாவோடு முன்னால் நடந்தாள்.

நான் நேரே அடுப்படிக்குப் போய் எண்ணெய் வைத்தேன். உன் அச்சு முறுக்கு அச்சு என் பேச்சைக் கேட்காது, உனக்கே தெரியும். மாவு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, வந்ததெல்லாம் உடைந்து வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே பேசினேன். ஆண்டவரே, உமக்கு எஸ்தரைத் தெரியும், என்னைத் தெரியாது. அவளை மாதிரி எனக்குப் பேச வராது. கூடை நிறையத்தான் கொடுத்திருக்கிறீர், எனக்குத் தெரியும். சொன்னால் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அந்தப் பிள்ளையை இங்கேயே விடும். இவ்வளவுதான் சொன்னேன். பாரம் இறங்கியது என்று மற்றவர்கள் சாட்சி சொல்வார்கள், எனக்கு அப்படி இல்லை. கூடையைத் தலையில் ஏற்றும்போது யாராவது எதிரில் நின்று ஒரு கை கொடுப்பார்களே, அப்படி இருந்தது. மீதி மாவையும் சுட்டு முடித்தேன்.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்ததும் மார்த்தா வந்துவிட்டார்கள், ஒரு கையில் கேக், இன்னொரு கையில் காலிப் பை. அந்தப் பை ஜெபாவின் துணிமணிக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் உள்ளே பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெபா கூடத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மார்த்தா குரலைத் தாழ்த்தினார்கள், ஆனாலும் கேட்டது.

"இன்னாடி, உன்ன ஒழுங்கா பாத்துக்கிறாளா? பயப்படாம சொல்லு. இங்க எப்பிடி இருக்கிற?"

கத்தி நின்றது. "ஏதோ கறிக்கு ஆச்சு, பெரிம்மா" என்றாள் உன் மகள்.

"கறிக்கா? சோறு போட்டா மட்டும் ஆச்சாடி?"

"அவ்ளோதான் பெரிம்மா. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

மார்த்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வந்து, அவ இன்னாமா சொல்றா என்று என்னையே கேட்டார்கள். எனக்குத் தெரியாதுங்க என்று தம் மேலிருந்த கரியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். கரியெல்லாம் தெளிவில்லாமல் தெரிந்தது.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் ஜெபா வெங்காயத் தட்டோடு வந்தாள். நேற்றுச் சபையில் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாளாம். அப்பாவிடம் அதைச் சொல்லத்தான் முன்னால் ஓடினாளாம். "எங்கம்மா சொல்லிருக்காங்க சித்தி. கன்னிம்மா கறிக்கு ஆச்சுன்னு சொன்னா, கூடை ரொம்பி வழியுதுன்னு அர்த்தமாம்" என்றாள். சொல்லிவிட்டு, உடைந்த அச்சு முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். எங்கம்மா சுட்டால் உடையாது என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்தாள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து தின்றாள்.

பார்த்தாயா? என் பேச்சை என் பிள்ளைக்குப் புரியவைத்ததும் நீதான். எனக்கென்று ஒரு சந்தோஷம் வந்தாலும் அதில் முதல் பங்கு உனக்கா? இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எரிகிற வயிற்றோடு ஆராதனைக்குப் போகலாம் என்று கற்றுக்கொண்டுவிட்டேன்.

காலிப் பையில் நான் மார்த்தாவுக்குக் கருவாடு வைத்து அனுப்பினேன். ஜெபா இன்னும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த டிசம்பரில் வாசலுக்கு உன் ஸ்டார்தான். கிழிந்த முனைக்கு நானே தாள் ஒட்டிவிட்டேன், நைலான் வலை நூலால் கட்டியும் இருக்கிறேன், எந்தக் காற்றுக்கும் அசையாது. ஃபேனுக்குக் கீழே உன் இடத்தில் நான்தான் உட்காருவேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் மகளை யாருக்கும் கொடுக்க மாட்டேன், மேலே இருக்கிற உனக்குக்கூட இப்போதைக்கு இல்லை. என் ஆண்டவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை, நீ நன்றாகத்தான் இருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டால் சொல்கிறேன்.

ஏதோ கறிக்கு ஆச்சு, அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
கன்னியம்மா