முன்னறையில் எரிந்த விளக்கு

அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உன்னைப் பெருமைப்படுத்த எதையும் கூட்டமாட்டேன். அப்பாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று எதையும் விடவும் மாட்டேன்.

இன்றைக்குச் சாரம் பகுதியில் பார்த்திருக்கும் வீட்டுக்குப் போகிறோம். முன்னறை அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது அந்தப் பூட்டு கையில் தட்டுப்பட்டது. நீ அதைத் தூக்கிப் போடவில்லை என்பது எனக்குத் தெரியாது. துருப்பிடித்து, திறந்த வாயோடு கிடந்தது. அதன் சாவி ஒரு நாளும் நம்மிடம் இருந்ததில்லை.

உப்பளம் பகுதியில் இருக்கும் இந்த வீட்டில்தான் அப்பாவும் நீயும் வளர்ந்தீர்கள். வாடகை வீடு என்பதே எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. வீட்டுக்காரர் பிரான்சில் இருந்தார். அந்த நாட்டுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தெருவே அவரைச் சொல்தா என்றுதான் சொல்லும். மார்கழி வந்தால் அவர் ஊருக்கு வருவார். வந்தால் நம் முன்னறையில்தான் தங்குவார். அவர் வருவதற்கு முன்பே நாம் சாமான்களைப் பின்கட்டுக்கு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைப்போம். பொங்கல் முடிந்து அவர் விமானம் ஏறியதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். யாரும் கேட்டு நாம் செய்ததில்லை. அவருக்கு நாம் செய்கிற மரியாதை அது.

அந்த மார்கழியில் உழவர்கரையிலிருந்து அவருடைய அண்ணன் மகன் போன் செய்தார். "சித்தப்பா வர்றாரு, ரூம ரெடி பண்ணி வெச்சிடுங்க" என்றார். வழக்கம்போல ஒழித்துக் கொடுத்தோம். சொல்தா வரவில்லை. அண்ணன் மகன்தான் வந்தார், கையில் ஒரு பூட்டோடு. அறையைச் சுற்றிப் பார்த்தார், வெளியே வந்தார், பூட்டினார்.

"முன்ரூம நீங்களே காலி பண்ணிட்டீங்க. அப்படியே பின்னாடியும் பொங்கலுக்குள்ள காலி பண்ணிடுங்க. கெஸ்ட் ஹவுஸ் கட்டறவங்களுக்கு வீட்டப் பேசி முடிச்சாச்சு."

போகிற அவசரத்தில் உள்ளே விளக்கை அணைக்க மறந்துவிட்டார். அல்லது அணைக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரே பேச்சுதான்: வக்கீல் வைப்பதா, வேண்டாமா. அம்மாவுக்கு என் படிப்புதான் கவலை. "நடு வருஷத்துல எந்த ஸ்கூல்ல அண்ணி சேத்துப்பாங்க? அடுத்த வருஷம் பத்தாவது வேற." அப்பா ஆட்டோவைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "சொல்தா மேல நோட்டீஸ் விட சொல்றியா? நான் நடக்கக் கத்துகிட்டதே அந்த ரூம்லதான்க்கா. நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எதிர்க்கடை அண்ணன் நமக்காக யோசித்துச் சொன்னார்: "வக்கீல் வெச்சா வீட்டுக்காரரோட சண்ட. வெக்கலன்னா சண்டையே கெடையாது. நேரா ரோடுதான்."

நீ மட்டும் சிரித்தாய். "இன்னா தெளிவா சொல்ற! உன்னையே வக்கீலா வெச்சிக்கலாம் போல."

மறுநாள் பேக்கரியில் விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். பள்ளி விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். முதல் வக்கீலின் அறை குளுகுளுவென்று இருந்தது. பூட்டின கதையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கவலையே வேணாம்மா, பத்து வருஷம் இழுத்துடலாம். வாடகையையும் நிறுத்திடுங்க" என்றார்.

"தோத்துட்டோம்னா சார்?" என்று நீ கேட்டாய்.

"என்கிட்ட வந்தவங்க தோத்ததே இல்ல."

நீ கும்பிட்டுவிட்டு எழுந்தாய். படி இறங்கியதும் சொன்னாய்: "எங்க கடையிலயே தெனம் நாலு ரொட்டி மீந்துபோவுது. இவரு கடையில மீந்ததே இல்லியாம்டா தம்பி." அத்தனை நாளுக்குப் பிறகு அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஓர் இளம் பெண். மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்த சின்ன அறை. உன் கேள்வியை மாற்றாமல் அவரிடமும் கேட்டாய். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு அவங்களுதுதான் அக்கா. விக்கணும்னா ஒரு நாள் நீங்க போகத்தான் வேண்டியிருக்கும். அத நான் மறைக்கல. ஆனா கோர்ட்டுக்குப் போகாம ரூமப் பூட்ட முடியாது, பொங்கலுக்குள்ள வெளிய போன்னு சொல்லவும் முடியாது. உங்களுக்கு டைம் வாங்கித் தர முடியும். வீட்ட வாங்கித் தர முடியாது. வாடகைய மட்டும் நிறுத்திடாதீங்க."

ஆட்டோவில் திரும்பும்போது உன் முகம் பளிச்சென்று இருந்தது. உன் கல்லாவில் யார் வந்து நின்றாலும் "இது நேத்து ரொட்டி, அது இன்னிக்கி" என்று நீ சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி முறைத்தாலும் சொல்வாய். "இந்தப் பொண்ணு நேத்து ரொட்டிய நேத்து ரொட்டின்னு சொல்லுது. இவங்கள வெப்போம்" என்றாய்.

வீட்டுக்கு வந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. முன்னறைக் கதவுக்கு அடியில் மஞ்சளாக வெளிச்சம் கசிந்து நம் கால்மேல் விழுந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"அன்னிலேர்ந்து எரியுது. நம்ம வீட்டு லைட்ட அணைக்க நம்மால முடியல. இன்னும் இன்னாடா யோசன?"

"சொல்தா என்ன நெனப்பாருக்கா?"

"கேட்டுட்டாப் போச்சு."

அங்கேயே நின்றபடி பிரான்சுக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருமே கேட்டோம். "அண்ணே, நான் வக்கீல் வெக்கப் போறேன். முதுகுக்குப் பின்னாடி செஞ்சேன்னு நாளைக்கு நீங்க நெனைக்கக் கூடாது. அதான் முன்னாடியே சொல்றேன்." பூட்டைச் சொன்னாய், விளக்கைச் சொன்னாய். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு மெலிந்த குரலில் அவர் பேசினார். "உடம்பு முடியலம்மா. விக்கிறது நெசந்தான். ஆனா பூட்டச் சொல்லி நான் சொல்லல. நீ வக்கீல வெச்சிக்க. அவனுக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நானும் வர்றேன்க்கா" என்றார்.

நோட்டீஸ் போன சில நாட்களில் அண்ணன் மகன் வந்தார். பூட்டைத் திறந்து வாசற்படியில் போட்டுவிட்டு, கதவைத் தள்ளினார். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நீ அவரைத் தாண்டி நேராக உள்ளே போய், முதல் வேலையாகச் சுவிட்சை அமுக்கினாய்.

"இந்த ஒரு ரூமுக்குப் போயி வக்கீலா?" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான்" என்றாய்.

நான் பத்தாவது முடிக்கும் வரைக்கும் அவகாசம் என்று இரு தரப்பாரும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அவகாசத்தில் என்னென்ன நடக்கும் என்று அப்போது நம்மில் யாருக்குத் தெரியும்? மழைக்காலத்தில், முன்னறைக் கட்டிலில், தூக்கத்திலேயே நீ போய்விட்டாய். பேக்கரியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அந்த வக்கீல் அக்காவும் நனைந்துகொண்டே வந்தார். அவ்வளவு பேரும் உன்னைச் சுற்றி நிற்க அந்த அறை நமக்கு இருந்தது. பின்கட்டில் உன்னைக் கிடத்தியிருந்தால் பாதிப் பேர் மழையில்தான் நின்றிருக்க வேண்டும். வக்கீல் வைத்ததில் நமக்கு என்ன கிடைத்தது என்று இப்போது யாராவது கேட்டால், அப்பா இதைத்தான் சொல்கிறார்.

பரீட்சை எழுதிவிட்டேன், அத்தை. கணக்கு கொஞ்சம் சுமார்தான், அதையும் மறைக்கவில்லை. யாரிடமாவது ஒன்றை நம்பி ஒப்படைக்க வேண்டியிருந்தால், உன் கேள்வியை முதலில் கேட்கிறேன். டியூஷன் சேரும்போதுகூட, "எனக்கு வரலன்னா என்ன பண்ணுவீங்க மிஸ்?" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், "அப்படியே அவ அத்த" என்று.

சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. நாம் போவதாகச் சொன்ன நாளில்தான் போகிறோம், யாரும் தள்ளவில்லை. பூட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அது நம்முடையது இல்லை. "பாப்பா, முடிச்சிட்டியா?" என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிடுகிறார். பின்கட்டு விளக்கை அம்மா அணைத்துவிட்டாள். முன்னறை விளக்கை எனக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

இதோ, நானே அணைத்துவிட்டேன்.